பழுதுபார்க்கும் கான்கிரீட்டுக்கு எந்த மரம், எந்த முட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கான்கிரீட் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துரு நீக்கும் மருந்து, கம்பிக்கு அடிக்கும் பூச்சு, மைக்ரோ கான்கிரீட் (மூட்டையில் வரும், ஓடும் தன்மையுள்ள பழுதுபார்ப்புக் கலவை) மூட்டை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். ஊற்றிய கான்கிரீட் இறுகும்வரை அதைப் பிடித்து நிற்கும் பலகையைப் பற்றிப் பேச்சு வருவதில்லை. அதற்கும் முன்பாகவே கட்டடத்தைத் தாங்கியாக வேண்டிய முட்டுகளைப் பற்றியும் வருவதில்லை. வேலை நடக்கும் இடத்திலும் இப்படித்தான்: மருந்துக்கு அளவு எழுதிக் கொடுக்கிறார்கள், மரத்துக்குக் "கிடக்கிறதை வைத்து அடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பழுதுபார்த்த தூணோ பீமோ சில ஆண்டுகளில் மறுபடி வெடித்தால் பழி மூட்டையின் மேல் விழுகிறது. பலகைச் சந்தில் வழிந்துபோன சிமெண்ட் பாலையும், பேருக்கு நிறுத்தி வைத்த முட்டையும் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அந்த இரண்டைப் பற்றியே இந்தக் கடிதம்.

புதுக் கட்டடத்தில் சென்ட்ரிங் முட்டு தாங்குவது ஈரக் கான்கிரீட்டை மட்டும். பழுதுபார்ப்பில் முட்டுக்கு இரண்டு வேலைகள் வருகின்றன. ஒன்று, ஏற்கெனவே சுமை ஏறித் தொய்ந்து நிற்கும் கட்டடத்தைத் தாங்குவது. மற்றது, புதிதாக ஊற்றும் கான்கிரீட்டின் பலகையைத் தாங்குவது. இந்த இரண்டையும் ஒரே முட்டில் ஏற்றுவதுதான் முதல் தவறு. பலகையைக் கழற்றும் நாளில் கட்டடத்தைத் தாங்கும் முட்டும் கூடவே கழன்று வந்துவிடும். சுமை முட்டைத் தனியாகவும் பலகை முட்டைத் தனியாகவும் நிறுத்த வேண்டும். சுமை முட்டுக்கு ஒரு வண்ணம், பலகை முட்டுக்கு வேறு வண்ணம் என்று பெயிண்ட் அடித்துவிட்டால், அவசரத்தில் ஒன்றைத் தொட்டு இன்னொன்றை அவிழ்க்கும் ஆபத்து குறையும்.

ஏன் சுமையை முதலில் இறக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கே போதும். 230 × 300 மி.மீ. தூண் ஒன்றை நாலு பக்கமும் 40 மி.மீ. ஆழத்துக்குக் கொத்தி எடுத்தால் மிஞ்சுவது 150 × 220 மி.மீ. பரப்பில் பார்த்தால் 69,000 சதுர மி.மீட்டரில் 33,000 மட்டும், அதாவது பாதிக்கும் குறைவு. மேலே உள்ள மாடிகளின் எடையோ அப்படியே இருக்கிறது. கம்பியைச் சுற்றி இருந்த கான்கிரீட்டும் போய்விட்டதால் கம்பி வெளிப்புறம் வளைந்துகொள்ள இடம் கிடைக்கிறது. அதனால்தான் தூணை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கொத்துவதும், கொத்துமுன் அந்தத் தூணில் வந்து சேரும் ஒவ்வொரு பீமுக்கும் அடியில் முட்டுக் கொடுப்பதும் கட்டாயம் ஆகிறது. கீழ்த்தளத் தூணில் இறங்கும் சுமை இரண்டு மூன்று மாடிக்கே பத்துக் கணக்கான டன் வரும். அதை மரக்கம்பிலும் சாதாரண ஜாக்கியிலும் (திருகினால் உயரம் மாறும் இரும்புக் குழாய் முட்டு) ஏற்ற நினைப்பது வீண். கணக்குப் போட்டு நிறுத்தும் இரும்புக் கோபுர முட்டுதான் அங்கே சரி.

முட்டு தொட்டுக்கொண்டு நின்றால் போதும் என்பது பரவலான எண்ணம். பழைய பீம் அன்றாடச் சுமையில் சில மில்லிமீட்டர் ஏற்கெனவே தொய்ந்திருக்கும். அந்தச் சுமையை அது தன்னிடமே வைத்திருக்கிறது. அடியில் முட்டு வெறுமனே தொட்டு நின்றால், பழைய சுமையில் ஒரு கிலோகூட முட்டுக்கு வராது. பீம் மேலும் தொய்ந்தால்தான் வரும். அதைத் தடுக்கத்தானே முட்டு? அதனால் முட்டை இறுக்கி ஏற்ற வேண்டும். இறுக்காமல் பழுதுபார்த்தால் இன்னொரு நட்டமும் உண்டு: புதிய கான்கிரீட் இறுகிய பிறகும் பழைய சுமை பழைய உட்பகுதியிலேயே தங்கிவிடும். புதிய உறை சும்மா நிற்கும். பின்னால் சேரும் சுமையில் மட்டும் பங்கெடுக்கும். அவ்வளவு செலவு செய்து தூணைச் சுற்றிப் போட்ட உறை, வேண்டிய வேலையைச் செய்யாது.

அதற்காகக் கண்மூடித்தனமாக இறுக்கவும் கூடாது. இரு முனையில் மட்டும் தாங்கி நிற்கும் பீமின் நடுவில் முட்டை வைத்து மேலே தள்ளினால், அந்த இடத்தில் பீமின் மேல்பக்கம் இழுபடும். மேல்பக்கத்தில் அதைத் தாங்கும் அளவுக்குக் கம்பி இருக்காது. தளத்தின் மேல்பரப்பில் குறுக்கே வெடிப்பு விழும். பால்கனி, சன்ஷேடு போன்ற தொங்கு தளங்களிலும் அப்படித்தான்: முனையைத் தூக்கினால் கெடுதல். பீமுக்கு அருகே, முட்டோடும் பீமோடும் இணையாத ஒரு தனிக் கம்பில் மில்லிமீட்டர் கோடு போட்டு வைத்து, ஜாக்கியின் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். பீம் மயிரிழை அளவு மேலே அசையத் தொடங்கும் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். அருகருகே உள்ள முட்டுகளைச் சுத்தியலால் தட்டினால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒலி வர வேண்டும். எதில் மந்தமாக வருகிறதோ அது சுமை ஏந்தவில்லை.

இப்போது ஒரு முட்டுக்கு எவ்வளவு வரும் என்று பார்ப்போம். 125 மி.மீ. தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 310 கிலோ. மேல்தளப் பூச்சும் ஓடும் 100 கிலோ, வேலையாட்களும் கருவிகளும் 150 கிலோ என்று வைத்தால் 560 கிலோ. 1.2 மீட்டருக்கு ஒன்றாக இரு திசையிலும் முட்டு நிறுத்தினால் ஒவ்வொன்றும் 1.44 சதுர மீட்டரைத் தாங்கும். சுமார் 800 கிலோ. நல்ல ஜாக்கிக்கு இது எளிது. பீமின் கதை வேறு. இருபுறமும் சேர்த்து 3 மீட்டர் அகலத் தளம் பீமில் இறங்கினால் பீமின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1,680 கிலோ. பீமின் தொங்கும் பகுதி 170 கிலோ. மேலே 230 மி.மீ. கனத்தில் 3 மீட்டர் உயரச் செங்கற்சுவர் இருந்தால் அது மட்டும் 1,350 கிலோ. கூட்டினால் 3,200 கிலோ. மீட்டருக்கு ஒரு முட்டு என்று ஒற்றை வரிசையில் நிறுத்திவிட்டுப் போவது எவ்வளவு ஆபத்து என்பது இந்த எண்ணிலேயே தெரியும்.

பீமின் அடியையே பழுதுபார்க்க வேண்டியிருக்கும்போது முட்டு அங்கே நின்றால் பலகை அடிக்க வழியில்லை. பீமின் முகத்திலிருந்து 450 முதல் 600 மி.மீ. தள்ளி, இருபுறமும் தளத்துக்கு அடியில் நீளவாக்கில் கனமான தலைச்சட்டம் வைத்து அதன்கீழ் சுமை முட்டுகளை வரிசையாக நிறுத்தினால், தளத்தின் சுமை பீமுக்கு வருமுன்னே இறங்கிவிடும். பீமின் அடி காலியாக இருக்கும். ஆனால் பீமின் மேல் நிற்கும் சுவர் இதனால் இறங்காது. அதற்குச் சுவரின் அடியில் துளையிட்டுக் குறுக்கே இரும்பு உத்தரம் செருகி இருபுறமும் தாங்க வேண்டும். முடியாத இடத்தில், பீமைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி முட்டில் நிற்க மற்றப் பகுதியைப் பழுதுபார்த்து, பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். நாள் கூடும்தான், வேறு வழியில்லை.

முட்டு எங்கே நிற்கிறது என்பதும் முட்டைப் போலவே முக்கியம். முதல் மாடிப் பீமைத் தாங்கும் முட்டு கீழ்த்தளத்தின் மேல் நின்றால், அந்தத் தளம் அதைத் தாங்குமா? பழுதான கட்டடத்தில் கீழ்த்தளமும் அதே வயதுதான். மேலே நிற்கும் முட்டுக்கு நேர் கீழே அடுத்த முட்டு, அதற்கும் நேர் கீழே அடுத்தது என்று மண் வரை கொண்டுபோவதே பாதுகாப்பு. கைப்பிடி அகலம் விலகினாலும் நடுவில் உள்ள தளம் அந்தச் சுமையில் வளையும். மண்ணில் நிற்கும் இடத்தில் ஜாக்கியின் 150 மி.மீ. சதுர அடித்தகடு 2,000 கிலோவை நேராக மண்ணில் இறக்கினால் சதுர மீட்டருக்கு 89 டன். இறுகிய மண்கூட இதற்கு ஈடு கொடுக்காது. 250 மி.மீ. அகலமும் 50 மி.மீட்டருக்குக் குறையாத கனமும் உள்ள அடிப்பலகையைப் பரப்பி, முட்டுக்கு 600 மி.மீ. நீளம் உண்மையாகவே வேலை செய்யும்படி வைத்தால் அது 13 டன்னாகக் குறையும். பலகைக்கு அடியில் மண் மட்டமாக வாரப்பட்டிருக்க வேண்டும். கல்லைச் செருகி மட்டம் பார்ப்பது கூடாது. கான்கிரீட்டை நீராற்றும் தண்ணீர் வழிந்து அடிப்பலகைக்குக் கீழே தேங்கினால் முந்தைய நாள் இறுக்கிய முட்டு மறுநாள் தளர்ந்து நிற்கும். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விடுவதைச் சிறு வேலை என்று ஒதுக்காதீர்கள்.

ஜாக்கியா, மரக்கம்பா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சுமை முட்டுக்கு ஜாக்கிதான் என் முடிவு, காரணம் திருகு. கால் சுற்றில் ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. நன்றாக நிமிர்ந்த மரக்கம்பு பலகை முட்டுக்குப் போதும். முறியுமுன் நெறிபட்டு ஓசை கொடுத்து எச்சரிக்கும் குணமும் மரத்துக்கு உண்டு. ஆனால் கம்பைத் தேர்ந்தெடுக்கும்போது அடிமுனையின் கனத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வளைந்து முறியும் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறி இறங்கும். 100 மி.மீ. கம்புக்குப் பதில் 75 மி.மீ. கம்பு வைத்தால் கனம் கால் பங்கு குறைகிறது, பலமோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. நடுப்பகுதியில் அளந்து பாருங்கள். உயரத்திலும் இப்படித்தான்: நீளம் இரட்டித்தால் பலம் நாலில் ஒன்று. திருப்பிச் சொன்னால், முட்டின் நடு உயரத்தில் இரு திசையிலும் குறுக்குச் சட்டம் கட்டிவிட்டால் பலம் நாலு மடங்கு. ஒரு திசையில் மட்டும் கட்டினால் முட்டு மற்றத் திசையில் வளைந்துகொள்ளும். குறுக்குச் சட்டங்களுக்கும் மூலைவிட்டத் தாங்கல் வேண்டும். இல்லாவிட்டால் எல்லா முட்டும் சேர்ந்து ஒரு பக்கம் சாயும். பக்கவாட்டு விசையாக மொத்தச் சுமையில் இரண்டரை விழுக்காட்டையாவது கணக்கில் எடுப்பது வழக்கம்.

ஜாக்கியில் பார்க்க வேண்டியவை சில. உள்குழாய் வளைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். சுத்தியலால் நிமிர்த்தியதையும் எடுக்க வேண்டாம். துளையில் செருகும் முளை அந்த ஜாக்கிக்கென்றே செய்த உறுதியான எஃகு முளையாக இருக்க வேண்டும். அது தொலைந்துபோனதும் கிடைத்த கம்பித் துண்டைச் செருகுவதுதான் எங்கும் நடக்கிறது. மொத்தச் சுமையும் அந்த ஒரு முளையில் வெட்டுவிசையாக இறங்குகிறது. மென்மையான கம்பி மெல்ல வளைந்து, முட்டு தன்னையறியாமல் கீழே இறங்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மீட்டருக்கு 25 மி.மீட்டருக்கு மேல் சாயக் கூடாது. உயரம் போதவில்லை என்று செங்கல் அடுக்கி அதன்மேல் ஜாக்கியை நிறுத்துவதும், ஜாக்கி மேல் ஜாக்கி நிறுத்துவதும் விபத்துக்கு வழி.

மரக்கம்புக்கு உயரம் சரிசெய்ய ஆப்புதான் வழி. ஒற்றை ஆப்பு அடித்தால் கம்பின் அடி ஒரு விளிம்பில் மட்டும் நிற்கும். எதிரெதிராக இரண்டு ஆப்பு, ஒரே சரிவில் வெட்டியவை, வைரம் பாய்ந்த மரத்தில் செய்தவை என்று இணையாகப் போட வேண்டும். அப்போதுதான் மேல்முகமும் கீழ்முகமும் மட்டமாக நிற்கும். ஆறுக்கு ஒன்று அல்லது அதைவிடத் தட்டையான சரிவு நழுவாது. இறுக்கியதும் ஆணி அடித்துப் பூட்டுங்கள். கான்கிரீட்டை உடைக்கும் இயந்திரத்தின் அதிர்வு ஆப்பைத் தளர்த்தும். உடைப்பு வேலை நடக்கும் நாட்களில் காலையில் ஒரு முறையும், உடைத்து முடித்ததும் ஒரு முறையும் ஒவ்வொரு ஆப்பையும் தட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

இதைவிடக் கவனிக்கப்படாத ஒன்று, மரம் குறுக்குவாட்டில் நசுங்குவது. நார் ஓடும் திசையில் மரம் பெரும் சுமை தாங்கும். நாருக்குக் குறுக்கே அழுத்தினால் அதில் சிறு பங்குதான். மென்மரத்தில் குறுக்குவாட்டில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஜாக்கியின் 150 மி.மீ. தலைத்தகடு 100 மி.மீ. அகலச் சட்டத்தில் பதிந்தால் 150 சதுர செ.மீ., அதாவது 3,000 கிலோ. 75 மி.மீ. கம்பின் முனை நேராகச் சட்டத்தில் பதிந்தால் 44 சதுர செ.மீ., 880 கிலோ. மரம் நனைந்திருந்தால் இந்த எண்களில் நாற்பது விழுக்காட்டைக் கழித்துவிடுங்கள். கம்பு முறியாது, ஆனால் சட்டத்துக்குள் மெல்லப் புதையும். அதுவே முட்டின் இறுக்கத்தை முழுவதும் தின்றுவிடும். கம்புக்கும் சட்டத்துக்கும் இடையே இரும்புத் தகடு வைத்தால் தீர்ந்தது.

பச்சை மரத்தின் கேடும் இங்கேதான் வெளிப்படும். ஈரமரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்கே 100 மி.மீட்டருக்கு 3 முதல் 5 மி.மீ. சுருங்கும். முட்டின் மேலும் கீழுமாக மூன்று சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் சில வாரங்களில் 10 மி.மீ. தளர்வு வரும். பீமின் மொத்தத் தொய்வே அவ்வளவு இருக்காது! காய்ந்த மரத்தையே எடுங்கள்; குறுக்கு அடுக்குகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். பழுதுபார்ப்பு பல வாரம் நீடிக்கும் வேலை என்பதால் புதுக் கட்டடத்தைவிட இங்கே இது அதிகம் உறுத்தும்.

இனிப் பலகைக்கு வருவோம். பழுதுபார்ப்புக்கு ஊற்றும் மைக்ரோ கான்கிரீட் தண்ணீர்போல ஓடுவது. சாதாரணக் கான்கிரீட் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் பலகையின் மேல் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இது அப்படிக் குறைக்காது. ஊற்றி முடியும்வரை ஆழத்துக்கு ஏற்ற முழு அழுத்தமும் பலகையில் இருக்கும். கன மீட்டருக்கு 2,300 கிலோ என்றால், 3 மீட்டர் உயரத் தூணை ஒரே மூச்சில் நிரப்பும்போது அடியில் சதுர மீட்டருக்கு 6.9 டன். உறையின் கனம் 50 மி.மீ. தானே என்று சிலர் கேட்பார்கள். அழுத்தத்துக்கு உறையின் கனம் தெரியாது, உயரம் மட்டுமே தெரியும். முடிந்த இடத்தில் ஒரு மீட்டர் உயரமாகப் பிரித்து ஊற்றினால் அழுத்தம் 2.3 டன்னோடு நிற்கும். ஆனால் பிரிக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு இணைப்பு வரும், அதைச் சுத்தம் செய்து சொரசொரப்பாக்க வேண்டும்.

முழு உயரமாக ஊற்றுவதென்றால் அடிப்பகுதிக்கு இப்படி ஏற்பாடு செய்யலாம். முகத்துக்கு 18 மி.மீ. பிலிம் ஒட்டிய பிளைவுட். 12 மி.மீ. பலகை அதே இடைவெளியில் மூன்று மடங்குக்கும் மேல் வளையும். அதற்குச் சட்டம் கூட்டிய செலவு பலகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். பின்னால் நிற்கும் சட்டங்கள் மையத்துக்கு மையம் 200 மி.மீ. அளவில் இருக்கட்டும். இடைவெளி இரட்டித்தால் வளைவு பதினாறு மடங்காகும் என்பதால் இங்கே தாராளம் காட்டக் கூடாது. பிளைவுட்டின் மேல்தாளில் நார் ஓடும் திசை சட்டங்களுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளத் துண்டுகளை மிச்சப் பலகையிலிருந்து அறுக்கும்போது இது தலைகீழாகிப் போகிறது, கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுற்றுச் சட்டங்கள் அடியில் 300 மி.மீட்டருக்கு ஒன்று, மேலே போகப் போக 450, 600 என்று தளர்த்தலாம். 450 மி.மீ. அகல முகத்தில் அடிச் சுற்றுச் சட்டத்துக்கு ஏறக்குறைய 930 கிலோ வரும். இரு முனைப் போல்ட்டும் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 465. 12 மி.மீ. போல்ட் இதைத் தாராளமாகத் தாங்கும். சட்டம்தான் சிக்கல். ஒற்றை 100 × 50 சட்டம் குத்துவாட்டில் நின்றாலும் சாதாரண மென்மரத்துக்கு அந்த வளைவு அதிகம். படுக்கைவாட்டில் வைத்தால் பலம் பாதியாகவும் விறைப்பு கால் பங்காகவும் குறையும்; அது முறியும். 100 × 50 இரண்டை ஜோடியாகக் குத்துவாட்டில் வைத்து, நடுவில் விட்ட இடைவெளியில் போல்ட்டைச் செருகுங்கள். மரத்தில் துளை போட வேண்டியதில்லை, பலமும் இரட்டிப்பு. முனையில் கனமான தகட்டு வாஷர் இல்லாவிட்டால் நட்டு மரத்துக்குள் புதைந்து இறுக்கம் போய்விடும். இது முன்சொன்ன குறுக்குவாட்டு நசுங்கலேதான்.

பெட்டியின் மூலையை ஆணியால் மட்டும் பிணைப்பது எல்லோரும் செய்யும் தவறு. அழுத்தம் அந்த ஆணியைப் பிடுங்கும் திசையில் வேலை செய்கிறது. அதிலும் சட்டத்தின் வெட்டுமுனைக்குள் அடித்த ஆணிக்குப் பிடிப்பே குறைவு. ஆணி பலகையை இடத்தில் நிறுத்துவதற்கு மட்டும். சுமைக்குச் சுற்றுச் சட்டமும் போல்ட்டும். பழைய கான்கிரீட்டில் துளையிட்டு ஆங்கர் போல்ட் அடித்து அதில் பலகையைத் தொங்கவிடுவதும் நம்பத்தக்கதல்ல. கெட்டுப்போனது என்றுதானே அந்தக் கான்கிரீட்டைப் பழுதுபார்க்க வந்தோம்?

தளத்தின் அல்லது பீமின் அடியில் ஊற்றும்போது ஏமாற்றம் இன்னும் பெரிது. 50 மி.மீ. கனத்துக்கு நிரப்புவது சதுர மீட்டருக்கு 115 கிலோ எடைதான். ஆனால் அதை மேலே 600 மி.மீ. உயரக் குழாய் வழியாக ஊற்றுகிறோம் என்று வையுங்கள். நிரம்பிய கணத்தில் பலகையின் மேல் 650 மி.மீ. ஆழத்தின் அழுத்தம், அதாவது 1,500 கிலோ இறங்கும். பதின்மூன்று மடங்கு. குழாயில் இருக்கும் கான்கிரீட் கை அளவே ஆனாலும் அழுத்தம் இதுதான். 115 கிலோவுக்கு நிறுத்திய பலகை முட்டு அந்தக் கணத்தில்தான் தாழும். தாழ்ந்தால் பலகைக்கும் பழைய கான்கிரீட்டுக்கும் இடையே சந்து திறந்து எல்லாம் வெளியே கொட்டும். குழாயின் உயரத்தைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். பலகை முட்டைக் கணக்கிடும்போது குழாயின் வாயிலிருந்து ஆழத்தை அளங்கள்.

ஊற்றும் வழியும் காற்று வெளியேறும் வழியும் பலகை அடிக்குமுன்பே முடிவாக வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்ற வேண்டும். இருபுறமும் ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். பீமுக்கு இருபுறமும் தளத்தில் துளையிட்டு, ஒரு துளையில் ஊற்றி அடுத்த துளையில் கான்கிரீட் எட்டிப் பார்த்ததும் அங்கே நகர்வது நல்ல முறை. பக்கவாட்டிலிருந்து ஊற்ற வேண்டிய இடத்தில் பலகையின் மேல் விளிம்பில் கிளியின் மூக்குபோல் சாய்ந்த ஒரு வாயை அமைத்து, அதன் விளிம்பு நிரப்ப வேண்டிய மட்டத்தைவிட 100 முதல் 150 மி.மீ. உயரமாக நிற்கும்படி செய்யுங்கள். அந்த உயரம்தான் மேல் மூலை வரை கான்கிரீட்டைத் தள்ளுகிறது. வாயில் தங்கி இறுகும் மூக்கை, முழுப் பலம் ஏறுமுன் மறுநாளே வெட்டி எடுத்துவிடலாம்.

கசிவுதான் இந்த வேலையின் பரம எதிரி. அடியில் ஒரு சந்தில் ஒழுகினால் மேலே மட்டம் இறங்கும். சுமையை வாங்க வேண்டிய மேல் மூலையிலேயே வெற்றிடம் உண்டாகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலகை, கொத்தாத நல்ல கான்கிரீட்டின் மேல் குறைந்தது 75 மி.மீ. ஏறி உட்கார வேண்டும். பழைய முகம் மேடு பள்ளமாக இருந்தால், அதன் வடிவத்தைப் பலகையில் கோடிழுத்து அறுத்து, இடையில் தண்ணீர் குடிக்காத பஞ்சுப் பட்டை வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். களிமண் அப்பினால் அது கரைந்து இணைப்பில் கலக்கும்.

பிறகு ஒரு சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். பெட்டி முழுவதும் தண்ணீர் நிரப்பி மட்டத்தைக் குறித்து, அரை மணி நேரம் பாருங்கள். கசியும் இடம் அத்தனையும் வெளியே தெரிந்துவிடும். பழைய கான்கிரீட்டும் தண்ணீரைக் குடித்துவிடும். இல்லாவிட்டால் அது புதுக் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் மைக்ரோ கான்கிரீட்டில் பாதிக்கும் குறைவான எடை உள்ளது என்பதால், தண்ணீருக்குப் பிடித்த பெட்டி கான்கிரீட்டுக்கும் பிடிக்கும் என்று முழுதாக நம்பிவிட முடியாது. சுற்றுச் சட்டங்களின் கணக்கு சரியாக இருக்க வேண்டும். சோதனை முடிந்ததும் அடியில் விட்ட துளை வழியாகத் தண்ணீரைச் சொட்டுவிடாமல் வடித்து, முளை அடித்து மூடுங்கள். ஊற்றும் நேரத்தில் விரைவில் இறுகும் சிமெண்ட், சாக்கு, ஆப்பு, சுத்தியல் ஆகியவற்றோடு ஒருவர் பெட்டியைச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும்.

மரத்தின் தரத்தைச் சொல்லாமல் விட முடியாது. சட்டத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில், விளிம்பை ஒட்டிக் கணு இருந்தால் அதைச் சுமைக்கு எடுக்காதீர்கள். துண்டாக்கித் தாங்கலுக்குப் பயன்படுத்தலாம். நார் சட்டத்தின் நீளத்துக்குச் சாய்வாக ஓடினாலும் அப்படியே. முனை பிளந்தது, புழு அரித்தது, விரலால் அழுத்தினால் பொடியாவது எதுவும் உள்ளே வரக் கூடாது. புது மரத்தில் வேறொரு தொல்லை: அதன் சர்க்கரைச் சத்து கான்கிரீட்டின் முகம் இறுகுவதைத் தாமதப்படுத்தி, மேல்பரப்பைப் பொடியாக்கும். புது மரப் பலகைக்கு முதல் உபயோகத்துக்கு முன் சிமெண்ட் பால் பூசிக் காயவிட்டுத் தேய்த்து எடுத்தால் இது நீங்கும். அறுத்த பிளைவுட் விளிம்புக்குப் பெயிண்ட் அடியுங்கள். தண்ணீர் ஏறி விளிம்பு ஊதினால் சந்து திறக்கும். சென்ட்ரிங் எண்ணெயைப் பலகையை மாட்டுமுன் தரையிலேயே மெல்லியதாகத் தடவி முடித்துவிட வேண்டும். மாட்டிய பிறகு தடவினால் கம்பியிலும் பழைய கான்கிரீட்டிலும் படும். படும் இடத்தில் ஒட்டு இல்லை.

கழற்றும் வரிசையும் அவசரத்தில் மறக்கப்படுகிறது. பக்கப் பலகையை ஒரு நாளில் எடுத்துவிடலாம். பலகை முட்டும் அடிப்பலகையும் அதற்குப் பின். சுமை முட்டை, ஊற்றிய அன்றே எடுத்துவைத்த சோதனைக் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்த்து, வடிவமைப்பாளர் கேட்ட பலம் வந்தது என்று உறுதியான பிறகே தொட வேண்டும். நாட்களை எண்ணி அல்ல. இறக்கும்போது மேல்மாடியிலிருந்து கீழே வர வேண்டும். இரு முனையில் தாங்கும் பீமில் நடுவிலிருந்து முனைகளுக்கு, தொங்கு தளத்தில் வெளிமுனையிலிருந்து சுவருக்கு. எல்லா ஜாக்கியையும் கால் சுற்று இறக்கி, மறுபடி முதலிலிருந்து கால் சுற்று. ஒன்றை முழுதாகத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசியில் நிற்கும் முட்டில் எல்லாச் சுமையும் சேரும்.

கட்டட உரிமையாளர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழுதுபார்ப்புக்கு மதிப்பீடு வாங்கும்போது முட்டுக்கும் பலகைக்கும் தனி வரி கேளுங்கள். எந்த முட்டு எங்கே நிற்கும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு கிலோ, கீழே எது தாங்கும், எத்தனை நாள் நிற்கும் என்று காட்டும் ஒரு வரைபடத்தைப் பொறியாளரின் கையெழுத்தோடு கேளுங்கள். "அது மேஸ்திரி பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால், உளியைச் சுவரில் வைக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
கான்கிரீட் பழுதுபார்ப்புப் பணியில் உள்ள வாசகர்